திரும்பி நின்றவர்

கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பாகத் திருவண்ணாமலை ஆலயத்தில், கொடிமரத்துக்கு அருகே நிற்கக் கொடுத்துவைத்த பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு ஒரு தர்மசங்கடம் காத்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, அந்த ஒரு சமயத்தில் மட்டுமே, அர்த்தநாரீசுவரர் ஆடியபடி வெளியே வந்து, சில நிமிஷங்களே காட்சி தந்து, மீண்டும் உள்ளே சென்றுவிடுகிறார். அதே சமயத்தில், 2,668 அடி உயர மலையின் சிகரத்தில், கொப்பரையில் நிறைத்த நெய்யிலும் காடாத் துணித் திரியிலும் அக்கினி பற்றிக்கொள்கிறது. முன்னால் அம்மையப்பன், தலைக்கு மேலே ஜோதி. பக்தனுக்கு இதில் சங்கடம் ஒன்றும் இல்லை. கைகளைச் சிரத்தின்மேல் குவித்து ‘அண்ணாமலைக்கு அரோகரா’ என்று அவன் எழுப்பும் ஒரு குரல் இரண்டையும் சேர்த்தே வணங்கிவிடுகிறது. காமிரா பிடித்து நிற்பவனுக்கோ முகம் ஒரு திசையில்தான் இருக்க முடியும்.

பல தீபங்களில் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் மலையை நோக்கித் திரும்புவார்கள். சிலர் சுவாமியின்மேல் வைத்த கண்ணை எடுக்கமாட்டார்கள். ஆனால் அபூர்வமாக எவரேனும் ஒருவர், சுவாமிக்கும் மலைக்கும் ஒருங்கே முதுகைக் காட்டிக்கொண்டு, அழுதும் சிரித்தும் அண்ணாந்து நிற்கும் ஜனத்திரளின் முகங்களை நோக்கிக் காமிராவை உயர்த்துவதைக் கண்டிருக்கிறேன். அப்படி ஒருவரைக் காணும்போதெல்லாம், 1950-ஆம் ஆண்டு வசந்தத்தில் இந்த ஊருக்கு மனைவியோடு வந்து, இரண்டு வார காலம் தங்கி, இந்த நூற்றாண்டுக்கும் மறக்காத ஒரு மரணத்துக்குச் சாட்சியாக நின்ற பிரெஞ்சுக்காரர் ஒருவரின் நினைவு எனக்கு வந்துவிடுகிறது. ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் என்பது அவர் பெயர். உலகத்துப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் அனைவரும் தங்கள் குருஸ்தானத்தில் வைத்துப் பேசும் அந்தப் பெயரை, இந்த ஊரில் தினமும் மலையைச் சுற்றி வருகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? அறிந்துகொள்வது நல்லது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அவருடைய நெடிய யாத்திரையில் திருவண்ணாமலை ஒரு சத்திரம் மாத்திரம் அல்ல.

பாரிஸுக்குக் கிழக்கே ஷாந்தலூ என்னும் சிற்றூரில், 1908 ஆகஸ்ட் 22-ல், நூல் ஆலைக்குச் சொந்தக்காரர்களான ஒரு செல்வக் குடும்பத்தில் அவர் பிறந்தார். குடும்பத் தொழிலில் மனம் ஒட்டவில்லை, ஓவியத்தில் ஒட்டியது. ஆந்த்ரே லோத் என்னும் ஓவியரிடம் சிஷ்யராக அமர்ந்து, ஒரு சட்டகத்துக்குள் கோடுகளும் உருவங்களும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தி நிற்கவேண்டும் என்ற கணக்கை இளமையிலேயே கற்றார். பின்னாளில் அவர் எடுத்த படங்கள் அனைத்துக்கும் அஸ்திவாரம் இந்தக் கணக்கே. 1931-ல் ஐவரி கோஸ்டுக்குப் பயணமாகி, வேட்டையாடிப் பிழைத்து, அங்கே பற்றிய கடுங்காய்ச்சலில் சாவின் வாசல்வரை சென்று திரும்பினார். திரும்பிய பிறகு ஒரு படத்தைப் பார்த்தார். மார்ட்டின் முன்காச்சி என்ற ஹங்கேரியப் பத்திரிகைப் புகைப்படக்காரர் எடுத்தது அது: மூன்று ஆப்பிரிக்கச் சிறுவர்கள் டாங்கனிக்கா ஏரியின் அலைக்குள் பாய்ந்தோடுகிறார்கள், அவ்வளவுதான். ஒரு கணத்துக்குள் நித்தியத்தை அடைத்துவிட முடியும் என்று அந்தப் படம் தமக்குக் காட்டியதாக அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். 1932-ல் மர்ஸேய் நகரில் ஒரு லைக்கா காமிரா வாங்கினார்.

அந்தக் கருவியைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்லவேண்டும். அதற்கு முன்பெல்லாம் பத்திரிகைக்காரர்களின் காமிரா என்பது கண்ணாடித் தகடும், கனமான பெட்டியும், ‘பளிச்’ என்று வெடிக்கும் விளக்குமாக, வருவதை ஊருக்கே அறிவித்துக்கொண்டு வரும் ஒரு சாதனம். லைக்காவோ உள்ளங்கைக்குள் அடங்குவது. சினிமாவுக்கென்று செய்த 35 மில்லிமீட்டர் பிலிமைச் சுருளாகத் தன்னுள் வைத்து, மாற்றாமல் 36 படங்கள் எடுக்க வல்லது. அதன் மூடி திறந்து மூடும் ஓசை பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்பது அரிது. அது போதாதென்று, அதன் உலோகப் பளபளப்பு ஒருவர் கண்ணிலும் படலாகாதென்று, பிரெஸ்ஸோன் அதன்மேல் கறுப்புப் பட்டையை ஒட்டிக்கொண்டார். மனிதக் கண்ணின் பார்வைக்குச் சமீபமான 50 மில்லிமீட்டர் லென்ஸே அவருக்குப் பெரும்பாலும் போதுமானதாயிருந்தது. செயற்கை வெளிச்சத்தை அவர் தொடுவதில்லை. எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டிச் சீர்செய்வதற்கும் இணங்குவதில்லை. கண் பார்த்த கணத்தில் சட்டகம் சரியாக அமையவில்லையென்றால், பிற்பாடு கத்திரிக்கோல் அதை அமைத்துவிடாது என்பது அவருடைய திடமான கொள்கை.

1937 மே மாதம், லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டு விழா. பாரிஸிலிருந்து வெளிவந்த ‘ஸ ஸ்வார்’ என்ற இடதுசாரித் தினசரி, பிரெஸ்ஸோனைத் தன் புகைப்படக்காரராக அங்கே அனுப்பிற்று. பொன் ரதமும், குதிரைப் படையும், மகுடமும் போகிற வீதியில், உலகத்துக் காமிராக்கள் யாவும் மன்னரையே நோக்கியிருக்க, இவர் மன்னருக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். விளக்குத் தூண்களிலும் மதில்களிலும் தொற்றிக்கொண்டும், ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிக்கொண்டும், இரவெல்லாம் விழித்துக் காத்திருந்து தூங்கிவழிந்துகொண்டும் இருந்த சாமானிய ஜனங்களையே படமெடுத்தார். அரசர் எப்படியிருந்தார் என்பதை மற்றப் பத்திரிகைகள் சொல்லிவிட்டன; அரசரைப் பார்ப்பது என்பது எப்படியிருந்தது என்பதைச் சொன்னவை இவருடைய படங்களே. ஒரு செய்தியின் உயிர் எங்கே இருக்கிறது என்று தேடித் திரும்பும் இந்த ஸ்வபாவத்தை அறிந்துகொண்டால், பிற்பாடு தில்லியிலும் திருவண்ணாமலையிலும் அவர் செய்தது விளங்கிவிடும். அதே வருஷம் ரத்னா மோஹினியை மணந்தார். ரத்னா ஜாவாத் தீவில் பிறந்த நர்த்தகி. கீழ்த்திசை நாடுகளுக்கு அவரைக் கைபிடித்து அழைத்துவந்தவர் அந்த அம்மையாரே என்றால் மிகையாகாது.

பிறகு யுத்தம். 1940 ஜூனில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, சுமார் மூன்று ஆண்டுகள் முகாம்களில் கல்லுடைத்தும் மண்சுமந்தும் உழைத்து, இரண்டு முறை தப்பியோடிப் பிடிபட்டு, மூன்றாம் முறை 1943-ல் தப்பினார். சிறைப்படுவதற்கு முன் வோஜ் மலைப் பிரதேசத்தில் மண்ணுக்குள் புதைத்துவைத்திருந்த லைக்காவை மீண்டும் தோண்டி எடுத்தார். இதற்குள் அவர் இறந்துபோனார் என்றே அமெரிக்காவில் நம்பி, நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடத்தார் அவர் நினைவாக ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். ‘மறைந்த’ கலைஞரே நேரில் சென்று ஒத்தாசை செய்ய, அந்தக் கண்காட்சி 1947-ல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ராபர்ட் காப்பா, டேவிட் ஸீமூர், ஜார்ஜ் ரோஜர் முதலியோருடன் சேர்ந்து ‘மேக்னம்’ என்ற கூட்டுறவு ஸ்தாபனத்தை நிறுவினார். எடுத்த படம் பத்திரிகை முதலாளிக்கு அல்ல, எடுத்தவருக்கே சொந்தம் என்பது அதன் ஆதார விதி. பத்திரிகைத் தொழிலில் கைகட்டி நின்ற ஒரு வர்க்கம் முதன்முதலாகத் தலைநிமிர்ந்த இடம் அது என்று நான் கருதுகிறேன். அந்த விதியின் நிழலில்தான் இன்றுவரை எத்தனையோ புகைப்படக்காரர்கள் பிழைக்கிறார்கள். உலகத்தை அவர்கள் தங்களுக்குள் பாகம் செய்துகொண்டபோது, இந்தியாவும் சீனமும் பிரெஸ்ஸோனின் பங்குக்கு வந்தன.

அவரும் ரத்னாவும் இந்தியக் கரையில் இறங்கியபோது, சுதந்திரம் பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பிரிவினையின் ரத்தம் காயவில்லை. குருக்ஷேத்திரத்தில் லட்சக்கணக்கான அகதிகள் கூடாரங்களில் கிடந்தார்கள். அங்கே அவர் எடுத்த ஒரு படத்தை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. பிணங்களும் காயங்களும் அதில் இல்லை. சோர்வும் விரக்தியும் தங்களைத் தின்றுவிடாதிருக்க, வெட்டவெளியில் கைகளை விரித்து, துள்ளித் தேகப்பயிற்சி செய்யும் ஆண்களே இருக்கிறார்கள். சகலத்தையும் இழந்தவர்கள் ஆகாயத்தை அளாவுவதுபோல் கைகளை நீட்டும் அந்தக் காட்சியில், ஒரு தேசத்தின் துயரம் முழுவதும் தெரிகிறது. அதற்கு மேலும் ஏதோ தெரிகிறது.

நேருவின் தங்கை கிருஷ்ணா ஹத்தீசிங்குடன் ரத்னாவுக்கிருந்த சிநேகம் தில்லியில் பல கதவுகளைத் திறந்துவிட்டது. 1948 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. பிற்பகலில் பிர்லா மாளிகையில் காந்தியடிகளைச் சந்தித்து, நியூயார்க் கண்காட்சியின் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தார் பிரெஸ்ஸோன். ஒவ்வொரு பக்கமாக மௌனமாகப் புரட்டிக்கொண்டு வந்த காந்தியடிகள், போல் க்ளோதெல் என்னும் கவி ஒரு சவ வண்டியைப் பார்த்து நிற்கும் படத்துக்கு வந்ததும் நிறுத்தி, இதன் அர்த்தம் என்ன என்று கேட்டு, பிறகு ‘மரணம்’ என்ற சொல்லை மூன்று முறை உச்சரித்தார் என்று பிரெஸ்ஸோன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். விடைபெற்று வெளியே சென்றவரின் செவியில் சிறிது நேரத்துக்கெல்லாம் அந்தச் செய்தி விழுந்தது, ஓடோடித் திரும்பினார். இருட்டிவிட்ட அந்த மாளிகையின் வாசல் கதவின்மேல் ஏறி நின்று, பிரதமர் நேரு ஜனங்களுக்கு அந்த மரணத்தை அறிவிக்கும் படம், தெளிவு குன்றி, அசைவில் கலங்கி இருக்கிறது. கலங்கியிருப்பதனாலேயே அது சத்தியமாக இருக்கிறது. மறுநாள் இறுதி ஊர்வலத்திலும், சிதையைப் படமெடுத்ததைக் காட்டிலும், அதைக் காண மரங்களிலும் கம்பங்களிலும் ஏறி மொய்த்த மக்களையும், முதல் சுடர் எழுந்ததைக் கண்டு திகைத்து நிற்கும் அணுக்கத் தொண்டர்களின் முகங்களையும் படமெடுத்ததே அவருடைய பெயரை உலகமெங்கும் கொண்டுசென்றது.

அப்புறம் பர்மா, பிறகு சீனம். ஷாங்காய் நகரத்து வங்கி வாசலில், மதிப்பிழந்த காகிதப் பணத்தைக் கொடுத்துத் தங்கம் வாங்க முண்டியடித்து, உடலோடு உடல் பின்னிக் கிடந்த ஜனங்களின் படம் 1948 டிசம்பரில் எடுத்தது. அடுத்த ஆண்டின் கடைசியில் ஜகார்த்தாவில், டச்சுக் கவர்னர்களின் பெரிய பெரிய உருவப் படங்களை அரண்மனையிலிருந்து வேலையாட்கள் தூக்கிக்கொண்டு வெளியேறும் காட்சி. ஒரு ராஜ்யம் எங்கே சரிந்தாலும், எங்கே எழுந்தாலும், அந்த இடத்தில் இந்த மனிதர் ஓசையில்லாமல் வந்து நிற்கிறார். எடுத்த பிலிம் சுருள்களைக் கழுவிப் பார்க்கவும் அவருக்கு அவகாசமில்லை. குறிப்புகளோடு அப்படியே விமானத்தில் பாரிஸுக்கும் நியூயார்க்குக்கும் அனுப்பிவிடுவார். தாம் எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று அறியாமலே மாதக்கணக்கில் அடுத்தடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருப்பார். பலனை எதிர்பாராத கர்மம் என்று நாம் கீதையில் படிப்பதற்கு, இந்தத் தொழிலில் கிடைத்த பிரத்யட்ச உதாரணமாகவே எனக்கு இது படுகிறது.

1950 ஏப்ரலில் அவர்கள் திருவண்ணாமலைக்கு வந்தார்கள்.

பதினாறு வயதுச் சிறுவனாக 1896 செப்டம்பர் முதல் நாள் மதுரையிலிருந்து இந்த ஊருக்கு வந்து, அதற்குப் பிறகு ஒரு நாள்கூட இந்த மலையை விட்டு அகலாதிருந்த ரமண மகரிஷி, அப்போது செங்கம் சாலையிலுள்ள ஆசிரமத்தின் ஒரு சிறிய அறையில் படுத்திருந்தார். இடது கையில் தோன்றிய கட்டி புற்றாக மாறி, 1949 பிப்ரவரியிலிருந்து டிசம்பர் வரையில் நான்கு முறை சஸ்திர சிகிச்சை செய்தும் மீண்டும் மீண்டும் தளிர்த்திருந்தது. உலகம் முழுவதும் சுற்றியவர் ஒருவர். ஐம்பத்து மூன்று ஆண்டுகளாக ஒரே மலையின் அடிவாரத்தில் இருந்தவர் மற்றவர். இந்த இருவரும் ஒரே முற்றத்தில், இரண்டே வாரம் சந்தித்தார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒருவித நெகிழ்ச்சி உண்டாகிறது.

காமிராவுக்கு ரமணர் புதியவர் அல்ல. இருபது வயதை ஒட்டிய பருவத்தில், கௌபீனதாரியாக அவர் அமர்ந்திருக்கும் படம் தொடங்கி, அரை நூற்றாண்டுக் காலம் எத்தனையோ பேர் அவரைப் படமெடுத்திருக்கிறார்கள். சென்னை டாக்டர் டி. என். கிருஷ்ணசுவாமி, வரும்போதெல்லாம் காமிராவோடு வந்து, பகவான் நடந்ததையும், அமர்ந்ததையும், சிரித்ததையும், கைத்தடியோடு மலையிறங்கியதையும் அன்போடு சேகரித்துவைத்தார். பெங்களூரின் ஜி. ஜி. வெல்லிங் 1946-ல் எடுத்த முகப்படம் இன்று தமிழ்நாட்டுப் பூஜையறைகளில் மட்டுமின்றி, உலகெங்கும் பக்தர்களின் வீடுகளில் விளக்கேற்றி வணங்கப்படுகிறது. காருண்யம் என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடுபவர்கள் அந்தக் கண்களைப் பார்த்தால் போதும். 1949 மே மாதம் அமெரிக்காவின் ‘லைஃப்’ பத்திரிகை, எலியட் எலிஸோஃபோன் எடுத்த படங்களோடு ரமணரைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. படமெடுக்க வந்தவர்கள் எவரையும் அவர் தடுத்ததில்லை. உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார், நிற்கச் சொன்னால் நின்றார். எடுக்கப்படும் அந்த உடம்பு வேறு எவருடையதோ என்பதுபோல் இருந்தார்.

தமிழில் நாம் படம் ‘பிடிக்கிறோம்’ என்றும், படம் ‘எடுக்கிறோம்’ என்றும் சொல்கிறோம். எதிரே இருப்பவரிடமிருந்து எதையோ கைப்பற்றிச் செல்லும் பாவனை அந்த இரண்டு சொற்களிலும் இருக்கிறது. தரிசனத்தை மட்டும் அப்படிப் பிடித்ததாகவோ எடுத்ததாகவோ ஒருவரும் சொல்வதில்லை, அது கிடைக்கிறது. பிரெஸ்ஸோன் தம் தொழிலை வேட்டையோடு ஒப்பிட்டுப் பேசியவர்தாம். ஆயினும் அந்த இரண்டு வாரத்தில் அவர் எடுத்த படங்களைப் பார்க்கும்போது, வேட்டைக்கு வந்தவர் வரிசையில் நின்றுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. மெலிந்து ஒடுங்கிய தேகம், நரைத்த குறுந்தாடி, சற்றே சாய்ந்த சிரம், அதிலே வேதனையின் சுவடு தெரிந்தும் வேதனைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் அந்தப் பார்வை. செயற்கை வெளிச்சம் ஒன்றும் இல்லாமல், அந்த அறைக்கு இயல்பாக வந்த வெளிச்சத்திலேயே தெரிகிற முகம் அது. நோயுற்றுக் கிடப்பவரின் முகத்தில் விளக்கைப் பாய்ச்சாமல் இருப்பது, ஒரு கலைஞனின் கொள்கை மட்டும் அல்ல; அது ஒரு மரியாதை.

அந்த நாட்களில் காலையும் மாலையும் பக்தர்கள் வரிசையாக அந்த அறையைக் கடந்து செல்வார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கணம் நின்று வணங்கிப் போக அனுமதி. தம்மைக் காண வந்தவர்களை ஒரு வேளையும் தடுக்கலாகாது என்று மகரிஷி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தாம் போய்விடப்போவதாக அழுதவர்களிடம், எங்கே போவது, இங்கேதான் இருக்கிறேன் என்று சமாதானம் சொன்னார்.

சித்திரை பிறந்த கையோடு வந்தது ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. தில்லியில் கண்ட அந்த வெள்ளிக்கிழமைக்கு இரண்டேகால் வருஷத்துக்குப் பின் வந்த இந்த வெள்ளிக்கிழமையில், துப்பாக்கி இல்லை, கூக்குரல் இல்லை. மாலைத் தரிசனம் முடிந்தது. தம்மைத் தூக்கி உட்காரவைக்கும்படி மகரிஷி தொண்டர்களிடம் சொன்னார். பிராணவாயு கொடுக்க முயன்ற மருத்துவரை ஒரு கையசைப்பால் விலக்கினார். வெளியே தாழ்வாரத்தில் கூடியிருந்த பக்தர்கள், அவரே இயற்றிய அக்ஷரமணமாலையைப் பாடத் தொடங்கினார்கள். அதைக் கேட்டதும் அவர் கண்கள் திறந்து ஒளிர்ந்தன. சிறு புன்னகை ஒன்று தோன்றிற்று. விழியோரத்திலிருந்து ஆனந்த பாஷ்பம் வழிந்தது. இன்னும் ஓர் ஆழ்ந்த மூச்சு. அதற்கடுத்த மூச்சு வரவில்லை. அங்கே இருந்தவர்கள் எழுதிவைத்திருப்பது இவ்வளவே. இதற்குமேல் அலங்கரிப்பது அபசாரம்.

செய்தி வானொலியிலும் தந்தியிலும் பரவ, இரவெல்லாம் ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மண்டபத்தில் பத்மாசனத்தில் அமர்த்தப்பட்டிருந்த திருமேனியைச் சுற்றிப் பாராயணமும் நாமகீர்த்தனமும் விடியும்வரை ஓயவில்லை. மறுநாள் மாலை, மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்கும் பழைய ஹாலுக்கும் நடுவே தோண்டிய குழியில், ஞானிகளுக்குரிய முறைப்படி, விபூதியும் கற்பூரமும் சொரிந்து சமாதி செய்வித்தார்கள். பிரெஸ்ஸோன் அங்கே இருந்தார். அரசர்களையும் தலைவர்களையும் சுற்றிக் கூடிய கூட்டங்களைப் பல நாடுகளில் கண்டிருந்த அவருடைய லைக்கா, அதிகாரம் ஒன்றும் இல்லாத, ஒரு கோவணமும் கமண்டலமும் தவிரச் சொத்து இல்லாத ஒருவருக்காகக் கூடிய கூட்டத்தை இங்கே கண்டது. அவர் எடுத்த படங்கள் நமக்கு இருக்கின்றன. இல்லாவிட்டால், அந்த நாளின் முகத்தை எழுத்தின் வாயிலாக மட்டுமே நாம் ஊகித்துக்கொண்டிருப்போம்.

பத்து நாட்களுக்குள் அவர் புதுச்சேரியில் இருந்தார். ஸ்ரீ அரவிந்தர் 1926 முதல் தனிமையில் இருந்தவர். ஆண்டில் சில தினங்களில் மட்டுமே தரிசனம் தருபவர். படமெடுக்க ஒருவரையும் நெடுங்காலமாக அனுமதியாதவர். ஏப்ரல் 24 தரிசன நாள். அதை ஒட்டிய தினங்களில் ஸ்ரீ அரவிந்தரையும் அன்னையையும் படமெடுக்கும் அபூர்வ அனுமதி பிரெஸ்ஸோனுக்குக் கிடைத்தது. அன்று அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தவரும் அவ்வருஷம் டிசம்பர் 5-ல் மறைந்துவிட்டார். காந்தியடிகளின் கடைசி நாள், ரமணரின் கடைசி இரண்டு வாரம், ஸ்ரீ அரவிந்தரின் கடைசி வருஷம்: இம்மூன்றிலும் ஒரே மனிதரை இந்தப் பூமியில் கொண்டுவந்து நிறுத்தியது எது என்று கேட்டால், தொழில் என்று சொல்லலாம், பாக்கியம் என்றும் சொல்லலாம், நான் பின்னதையே சொல்லுவேன்.

1952-ல், ஓவியர் மத்தீஸ் வரைந்த அட்டையோடு வெளிவந்தது அவருடைய புகழ்பெற்ற படத் தொகுதி. ஆங்கிலத்தில் அதற்குத் தீர்மானகரமான கணம் என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே உலகமெங்கும் நிலைத்துவிட்டது. ஆனால் பிரெஞ்சு மூலத்தில் அவர் வைத்த தலைப்பில் அவ்வளவு மிடுக்கு இல்லை. போலீஸ்காரர் வருவதற்குள் விரித்த துணியோடு சரக்கைச் சுருட்டிக்கொண்டு ஓடத் தயாராக இருக்கும் நடைபாதை வியாபாரியின் அவசரத்தைக் குறிக்கும் சொல் அது. மாடவீதியில் திருவிழாக் காலத்தில் அப்படிக் கடை விரிப்பவர்களைப் பார்த்திருக்கிற நமக்கு அந்தத் தலைப்பு எளிதில் விளங்கும். சத்யஜித் ரே அவரைப் பெரிதும் மதித்தார். பிரெஸ்ஸோனின் இந்தியப் படங்கள் 1987-ல் நூலாக வந்தபோது அதற்கு முன்னுரை எழுதினார். ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையின் புகைப்படக்காரராகத் தொடங்கிய ரகு ராய், 1977-ல் மேக்னத்தில் சேர முன்மொழியப்பட்டதும் பிரெஸ்ஸோன் கையால்தான். அந்தக் காலத்திலேயே அவர் தம் காமிராவை ஏறக்குறைய ஒதுக்கி வைத்துவிட்டார். இளமையில் விட்டுவந்த பென்சிலை மீண்டும் கையில் எடுத்து, பாரிஸ் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிந்த துய்லெரித் தோட்டத்தையும், லூவ்ரு கலைக்கூடத்துச் சித்திரங்களையும் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். 2004 ஆகஸ்ட் 3-ல், தொண்ணூற்றாறு வயது நிறைவதற்கு மூன்று வாரம் இருக்கையில், தெற்குப் பிரான்ஸில் காலமானார்.

திருவண்ணாமலையில் அவர் எடுக்காத படம் ஒன்று உண்டு. அந்த ஏப்ரல் 14 இரவு, தாம் தங்கியிருந்த வீட்டுக்கு முன்னால் வெட்டவெளியில் அவர் நின்றுகொண்டிருந்தபோது, உடனிருந்தவர்கள் வானத்தைச் சுட்டிக்காட்டினார்கள். தெற்கேயிருந்து, அவர் அதுவரை கண்ட எரிநட்சத்திரம் எதையும் போலன்றி, ஒளிவாலை நீட்டிக்கொண்டு, மெதுவாக ஆகாயத்தைக் கடந்து சென்ற ஒரு பிரகாசம், அண்ணாமலையின் சிகரத்தை எட்டி, அதற்கு அப்பால் மறைந்தது. அதன் குறிப்பு என்னவென்று அவர்கள் எல்லோருக்கும் அக்கணமே தெரிந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஆசிரமத்தை நோக்கி ஓடினார்கள். அந்தக் காலத்துப் பிலிம் சுருளுக்கு, அந்த இருட்டில், கையில் பிடித்த காமிராவால் அதைப் பதிக்கும் சக்தி இருந்திருக்காது. ஆகவே அது பிரெஸ்ஸோனின் முப்பத்தாறு சட்டகங்களில் ஒன்றிலும் இல்லை. ஈராக்கில் பிறந்து 1936 முதல் ஆசிரமத்தை அண்டி வாழ்ந்த எஸ். எஸ். கோஹனிடம், ஒன்பது மணிக்கெல்லாம் அவர் அதை வாய்வார்த்தையாகச் சொன்னார். ஜோதி சென்ற திசை, அதன் வேகம், சிகரத்துக்குப் பின்னால் அது மறைந்த விதம், கடிகாரம் காட்டிய எட்டு மணி நாற்பத்தேழு நிமிஷம் என்று, படக்குறிப்பு எழுதும் வழக்கத்தால் வந்த அதே துல்லியத்தோடு அவர் சொல்லச் சொல்ல, கோஹன் கேட்டுத் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.